வன்னி வீதிகளுக்குச் செய்மதி வழிகாட்டிக் கருவி: முதலில் வரைபடம், பிறகு கருவி

வேலை மாற்றலில் முதன்முறையாக வட இலங்கையின் வன்னிப் பகுதிக்கு வருகின்ற ஆசிரியரோ தாதியோ, நீண்ட காலத்தின் பின் காணியைப் பார்க்க ஊர் திரும்புபவரோ, ஏ9 வீதியில் இருக்கும்வரை வழி தவறப் போவதில்லை. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் கோத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வீதியை விட்டு இறங்கியதும்தான் சிக்கல் தொடங்குகிறது. குளத்துக்குக் குளம் கிரவல் வீதி பிரிகிறது. பிரியும் இடங்கள் பலவற்றில் பெயர்ப்பலகை இல்லை. பொழுதுபட்ட பின் வழி கேட்க ஒரு சைக்கிள்காரர்கூட எதிர்ப்படாத பகுதிகள் இன்னும் இருக்கின்றன. இத்தகைய வீதிகளில் ஓடுவதற்காக, வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிக் கழற்றக்கூடிய செய்மதி வழிகாட்டிக் கருவி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். கருவியின் நிறுவனப் பெயரும் திரையின் அளவும் இரண்டாம் பட்சம். அதற்குள் இருக்கும் வரைபடத்துக்கு நீங்கள் போகவேண்டிய ஊர் தெரியுமா என்பதே முதற்கேள்வி. பணம் கொடுத்து முடித்து, பெட்டியைப் பிரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலர் அந்தக் கேள்விக்கு வருகிறார்கள்.

கருவிக்குள் நடப்பது

இந்தக் கருவி எங்கும் எதையும் அனுப்புவதில்லை; பெறுவது மட்டுமே அதன் வேலை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செய்மதிகள் தமது இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகள் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. இதற்குச் சிம் அட்டை வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை, மாதக் கட்டணமும் இல்லை. “அங்கே தொலைபேசிக் கோபுரம் இல்லை, ஆகவே ஜி.பி.எஸ். வேலை செய்யாது” என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. கோபுரமே இல்லாத காட்டு வீதியிலும் இடம் தெரியும்.

ஆனால் இடம் தெரிவது வேறு, வழி தெரிவது வேறு. செய்மதிகளின் அலைகளை வைத்துக் கருவி கணிப்பது, நீங்கள் நிற்கும் இடத்தின் ஆள்கூறுகள் எனப்படும் இரண்டு எண்களை (அகலக்கோடு, நெடுங்கோடு) மட்டுமே. அந்த எண்கள் எந்த ஊர், எந்த வீதி, அந்த வீதி எங்கே போய்ச் சேரும் என்பதையெல்லாம் சொல்வது கருவியில் சேமிக்கப்பட்ட வரைபடம். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கிய பிறகு, திறந்த வானத்தின் கீழ் சில மீற்றர் துல்லியம் சாதாரணமாகக் கிடைக்கிறது. உயர்ந்த கட்டடங்களில் அலைகள் பட்டுத் தெறித்துக் குழப்பும் நகரத்துத் தொல்லையும் இங்கே இல்லை. ஆகவே அலைவாங்கியின் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்ற ஏனைய தொகுதிகளின் அலைகளையும் பெறும் கருவி என்றால், மரங்கள் இருபுறமும் கவிந்த வீதிகளில் சற்று உதவும், அவ்வளவே.

முதலில் கேட்கவேண்டியது: தனிக் கருவி வேண்டுமா?

கையில் நல்ல தொலைபேசி இருந்து, மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் புது இடங்களுக்குப் போபவர் என்றால் தனிக் கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூகுள் மப்ஸில் வட மாகாணம் முழுவதையும் வீட்டில் இணையம் இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளலாம்; இணையம் இல்லாத இடத்திலும் அது கார் வழியைச் சொல்லும். ஓர்கானிக் மப்ஸ், ஓஸ்ம்அண்ட் ஆகிய செயலிகள் முழு இலங்கை வரைபடத்தையும் தொலைபேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு தாங்கியும் நல்ல சார்ஜரும் வாங்கினால் போதும். தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் தாங்கி கட்டாயம்.

நாள்தோறும் ஓடுபவர்களுக்கு நிலைமை வேறு. வெயிலில் முன்கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் தொலைபேசி சூடேறித் திரையை மங்கச் செய்கிறது, சிலவேளை நின்றும் விடுகிறது. சந்தி நெருங்கும் நேரத்தில் அழைப்பு வந்து திரையை மறைக்கிறது. மாலையில் பற்றரி தீர்ந்து, அவசரத்துக்கு அழைக்கவும் வழியில்லாமல் போகிறது. வாடகை வான் ஓட்டுபவர், மருந்து, பால், கட்டடப் பொருள் விநியோகம் செய்பவர், வாகனத்தைப் பல சாரதிகளிடம் மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஆகியோருக்கு வாகனத்திலேயே கிடக்கும் தனிக் கருவி உண்மையில் பயன்படும்.

வரைபடத்தைச் சோதிக்கும் முறை

கடையில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தும் கடை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

முதலில் “இலங்கை வரைபடம் உள்ளே இருக்கிறதா, எந்த ஆண்டுக்குரியது, புதுப்பிக்கப் பணம் கட்டவேண்டுமா?” என்ற மூன்றையும் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாமல் கருவியைத் திறந்து வரைபடத் தகவல் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். உலக வரைபடம் என்று சிலர் காட்டுவது நாட்டின் எல்லையும் பெரிய நகரங்களும் மட்டும் தெரியும் அடிப்படை வரைபடமாக இருக்கலாம்; அதில் வவுனியா ஒரு புள்ளியாகவும் ஏ9 ஒரு கோடாகவும் தெரியும், வேறொன்றும் இராது.

அடுத்ததாக, மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வழி கேளுங்கள். பூநகரியை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதை அறிந்த வரைபடம் வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி ஊடாக ஏ32 வீதியால் உங்களை நேரே கொண்டுபோகும். அறியாத வரைபடமோ ஏ9 வீதிக்குக் கொண்டுவந்து சுற்றிப் போகச் சொல்லும், அல்லது கடல்நீரேரியின் கரையில் வீதியை முடித்துவிடும். அப்படியான வரைபடத்தில் போருக்குப் பின் திருத்தப்பட்ட வேறு வீதிகளும் இருக்கப் போவதில்லை. மேலும் சோதிக்கத் தேவையில்லை; வேறு வரைபடத்தை ஏற்காத கருவி என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதில் தேறினால், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு வழி கேளுங்கள். மாங்குளம்வரை சென்று ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாகப் போவது ஒன்று. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி ஊடாகப் போவது மற்றொன்று. நல்ல வரைபடத்தில் இரண்டும் தெரியவேண்டும், ஒன்றை விலக்கினால் மற்றதைத் தரவேண்டும். பிறகு மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய் ஊடாக வெள்ளாங்குளம் போகும் வீதியையும், பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிரதான வீதியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகள் கோடுகளாகத் தெரிகின்றனவா, குளங்களுக்குப் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். இறுதியாக உங்கள் சொந்த ஒழுங்கை, பிள்ளைகளின் பாடசாலை, அருகிலுள்ள வைத்தியசாலை ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

தேடும்போது ஒரு தொல்லை வரும். கருவிகளில் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே இருக்கின்றன, எழுத்துக்கூட்டலில் ஒருமைப்பாடு இல்லை. ஒட்டுசுட்டானை ஒரு வரைபடம் இரட்டை ‘டி’ போட்டு எழுதும், இன்னொன்று ஒற்றை எழுத்தோடு விடும். புதுக்குடியிருப்பின் ‘து’ ஓரிடத்தில் ஓரெழுத்தாகவும் வேறோரிடத்தில் ஈரெழுத்தாகவும் வரும். முதல் நான்கு எழுத்துகளை மட்டும் தட்டிவிட்டு வருகின்ற பட்டியலைப் பார்ப்பது நல்ல வழி. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதையும் மறக்கக்கூடாது: புதுக்குடியிருப்பு முல்லைத்தீவு மாவட்டத்தில் இருப்பது போலவே மன்னார்த் தீவிலும் மட்டக்களப்பிலும் உண்டு. பட்டியலில் முதலாவதாக வருவதை அழுத்தாமல் மாவட்டத்தையும் தூரத்தையும் பார்த்து அழுத்துங்கள்.

வரைபடம் போதாது என்றால் கருவியை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2004இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டு, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச வரைபடத்தை, கார்மின் நிறுவனத்தின் கருவிகளுக்கேற்ற கோப்பாக மாற்றிப் பலர் இணையத்தில் தருகிறார்கள். அந்தக் கோப்பை ஒரு மெமரி காட்டில் இட்டுக் கருவியில் செருகினால் இலங்கை முழுவதும் திரையில் வந்துவிடும். ஆகவே மெமரி காட் செருகும் துவாரம் உள்ளதா என்று பாருங்கள். என் பார்வையில் திரையின் அளவைவிட இந்தத் துவாரம் முக்கியம். டொம்டொம் கருவிகளில் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், அவை தம் நிறுவனத்தின் வரைபடத்தையே ஏற்கும். இலவசக் கோப்புக்கும் ஒரு குறை உண்டு: முகவரி கொண்டு தேடுவது அதில் பெரும்பாலும் சரிவராது. இடத்தைச் சேமித்து வைத்தோ, ஆள்கூறுகளைத் தட்டியோதான் போகவேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகின்ற கருவி

லண்டனிலோ பாரிஸிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ தாம் பாவித்த கருவியைக் கொண்டுவந்து தருவது நம் வீடுகளில் வழக்கம். அன்போடு தந்ததை மறுக்க மனம் வராது. ஆனால் அதற்குள் இருப்பது அவர்களுடைய நாட்டின் வரைபடம் என்பதை அவர்களும் யோசித்திருக்க மாட்டார்கள். கொண்டுவர முன்னரே கருவியின் மாதிரி எண்ணைக் கேட்டு, மெமரி காட் துவாரம் இருக்கிறதா, வேறு வரைபடத்தை ஏற்குமா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய கருவிகளில் இன்னொரு விடயமும் உண்டு. ஜி.பி.எஸ். அலையில் வாரங்களை எண்ணும் எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6ஆம் திகதி. அதற்கேற்ப மென்பொருள் திருத்தப்படாத கருவிகள் திகதியைப் பிழையாகக் காட்டும், சில இடத்தையே பிடிக்க மறுக்கும். ஆகவே பாவித்த கருவியை வாங்கும்போது அதை வெளியே எடுத்துச் சென்று, செய்மதி பிடித்த பின் அது காட்டும் திகதியைப் பாருங்கள். ஆண்டு பிழையாக இருந்தால் வாங்க வேண்டாம்.

வேறு கண்டத்திலிருந்து வந்த கருவி முதல் நாளில் இடத்தைப் பிடிக்கத் தாமதிப்பது பழுதல்ல. எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையையும் அலையிலிருந்து பெற்று முடிக்க மட்டும் பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும். முற்றத்தில் திறந்த வானத்தின் கீழ் கால்மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். பிரித்தானியாவிலிருந்து வந்தது என்றால் மைலை மாற்றிக் கிலோமீற்றராக்கவும் மறக்க வேண்டாம்.

உடலும் மின்சாரமும்

ஐந்து அங்குலத் திரை காருக்கும் ஓட்டோவுக்கும் போதும். வானுக்கும் லொறிக்கும் ஏழு அங்குலம் வசதி. அதற்கு மேல் பெரியதானால் வீதியை மறைக்கும். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்பதைக் கடைக்குள் அறிய முடியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இந்தக் கருவிகளின் உட்பற்றரி நீண்ட நேரம் தாங்காது. வாகனத்தின் மின்சாரத்திலேயே அது ஓடவேண்டும். கார்களில் வருவது 12 வோல்ற். பஸ்களிலும் பெரிய லொறிகளிலும் 24 வோல்ற். இரண்டையும் தாங்கும் சார்ஜரா என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள், ஏனெனில் 12 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்டதை லொறியில் செருகினால் அது எரிந்துபோகும். சில கருவிகள், சாதாரண யூஎஸ்பி வயரைச் செருகியதும் கணினியோடு இணைக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டு வரைபடத்தை மூடிவிடும். அதனால் பெட்டியோடு வந்த வயரையே பாவியுங்கள்.

சாரதிக்கு வீதியை மறைக்காதவாறு முன்கண்ணாடியின் கீழ் மூலையில் ஒட்டுங்கள். உறிஞ்சு தாங்கி வெப்பத்தில் விடுபட்டு விழும் என்பதால், ஒட்டுமுன் கண்ணாடியை நன்கு துடைக்க வேண்டும். வாகனத்தை வெயிலில் பூட்டிவிட்டுப் போகும்போது கருவியைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். பங்குனி, சித்திரையில் மூடிய வாகனத்துக்குள் ஏறும் வெப்பத்தில் பற்றரி ஊதிப் பழுதாகிவிடும்.

அமைப்புகள்: குறுகிய வழி நல்ல வழியல்ல

கருவியைத் திறந்ததும் மூன்றை மாற்றுங்கள். வழித்தெரிவில் “குறுகிய வழி” என்றிருந்தால் “விரைவான வழி” என்று மாற்றுங்கள். தவிர்க்கவேண்டியவை என்ற பகுதியில் தார் போடாத வீதிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆள்கூறுகளைக் காட்டும் முறையைத் தசமப் பாகைக்கு மாற்றுங்கள்.

முதலாவதன் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு கார்த்திகை மாதம் மல்லாவியிலிருந்து அக்கராயனுக்குப் போகும்போது, குறுகிய வழி தேடும்படி விட்டிருந்த கருவி என்னை ஒரு சிறு குளத்தின் கட்டில் ஏற்றிவிட்டது. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய கட்டு. ஒருபுறம் நிறைந்த நீர், மறுபுறம் பள்ளம், முன்னால் குளத்தின் மிகைநீர் வழிந்து பாய்ந்துகொண்டிருந்தது. திருப்ப இடமில்லாமல், அரைக் கிலோமீற்றருக்கும் மேலாகப் பின்னோக்கியே ஓட்டிவர வேண்டியிருந்தது. வரைபடத்தில் அந்தக் கட்டும் ஒரு வீதிதான், அதில் பொய்யில்லை. மாரியில் அது வீதியல்ல என்பது மட்டும் வரைபடத்துக்குத் தெரியாது.

ஆள்கூறுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் இல்லாத குடியேற்றத்துக்கு அதுவே முகவரி. வன்னியில் எந்த இடமானாலும் முதலெண் 8 அல்லது 9இல் தொடங்கும், இரண்டாம் எண் 79 அல்லது 80இல் தொடங்கும். வேறெண்ணில் தொடங்கினால் எண்கள் இடம்மாறியிருக்கின்றன அல்லது ஓர் இலக்கம் தவறியிருக்கிறது. பெரிய ஆபத்து வேறொன்று: 9.30 பாகை என்பதும் 9 பாகை 30 நிமிடம் என்பதும் ஒன்றல்ல. 30 நிமிடம் என்பது அரைப் பாகை. ஆக இரண்டுக்கும் இடையில் 0.2 பாகை வேறுபாடு, நிலத்தில் அது ஏறக்குறைய 22 கிலோமீற்றர். எண்களை அனுப்புபவர் எந்த முறையில் அனுப்புகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டின் ஆள்கூறுகளைத் தசமத்தில் நான்கு இலக்கம்வரை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது நன்று; 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க நேரும் இரவில், ‘குளத்தடிச் சந்தியால் திரும்பி’ என்று விளக்குவதைவிட அது விரைவில் இடத்தைக் காட்டும்.

முதல் ஓட்டம்

ஏற்கெனவே தெரிந்த வழியில் முதலில் ஓடிப் பாருங்கள். கருவி எவ்வளவு முன்கூட்டித் திரும்பச் சொல்கிறது, எந்தச் சந்தியில் தடுமாறுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். தமிழ்க் குரல் தனிக் கருவிகளில் அரிது. ஆங்கிலக் குரல் நம் ஊர்ப்பெயர்களை அடையாளம் தெரியாதபடி உச்சரிக்கும் என்பதால், பெயரைக் கேட்பதை விட்டுத் தூரத்தையும் திசையையும் மட்டும் கேட்கப் பழகுங்கள்.

புதிய இடத்துக்குப் போகும் நாளில், புறப்படும் முன் முழு வழியையும் திரையில் நகர்த்திப் பார்த்து, இடையில் வரும் மூன்று நான்கு ஊர்களின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் தைவரை, வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களையும் குளங்களின் கீழுள்ள மதகுகளையும் கடக்கும் வழி என்றால் அங்கேயுள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டே புறப்படுங்கள். காட்டுப் பகுதி வீதிகளில் பொழுதுபடும் நேரத்தில் யானை நிற்கக்கூடும். கருவி ஒரு மணி நேரம் என்று சொல்லும் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள்.

மிதிவெடி அகற்றும் பணி முடியாத நிலங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. ஆட்கள் புழங்காத தடம் ஒன்றில் திரும்பும்படி கருவி சொன்னால் திரும்ப வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை தெரிந்தால் நின்று, வந்த சக்கரத் தடத்திலேயே பின்னோக்கி வாருங்கள். வாகனத்தைத் திருப்புவதற்காக வீதியோரப் புல்லில் ஏற்றவும் வேண்டாம், இறங்கி நடக்கவும் வேண்டாம்.

சில வாரங்கள் ஓடிய பிறகு, வரைபடத்தில் இல்லாத ஒழுங்கைகளும் பெயரில்லாத குளங்களும் உங்களுக்கே தெரியவரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் ஒரு கணக்கைத் திறந்து அவற்றை நீங்களே வரையலாம்; ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பதிய அதில் தனியிடம் உண்டு. உங்கள் ஊரின் ஒழுங்கையை, ஊரவர் சொல்லும் பெயரிலேயே, தமிழில் எழுதிச் சேமியுங்கள். அடுத்த முறை கோப்பை இறக்கி மெமரி காட்டில் இடும்போது அந்தக் கோடு உங்கள் திரையிலும், அதே கோப்பை இறக்கும் மற்றச் சாரதிகளின் திரையிலும் இருக்கும்.